லேபிளில் இல்லாத மருந்து வேறு, நிரூபிக்கப்படாத மருந்து வேறு

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஊர் காவேரிப்பட்டினம். வீட்டுக்காரருக்கு 38 வயது, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசி இருக்கிறது. சொரியாசிஸ் பல வருடம் தோலோடு நின்று, பிறகு கை விரல், முழங்கால் என்று மூட்டுகளுக்கு வந்து, இப்போது இடுப்பையும் முதுகையும் பிடித்துவிட்டது. பெங்களூரில் பார்க்கிற மூட்டுவாத மருத்துவர் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை 8 வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றிவந்தார். அதற்கெல்லாம் கேஷ்லெஸ் வந்தது, அதாவது நீங்கள் கையில் பணம் கட்டாமல் காப்பீடே மருத்துவமனைக்குக் கட்டியது. ஆறாவது வாரம் தாண்டினால் மருந்தின் பலன் வற்றிப்போகிறது, காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்பதால், இனி 6 வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றி எழுதியிருக்கிறார். உடனே டிபிஏ-விலிருந்து (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனம்) ஒத்தை வரியில் பதில்: "ஆஃப்-லேபிள் பயன்பாடு, நிரூபிக்கப்படாத சிகிச்சை, அனுமதி இல்லை." இனி சொந்தக் காசில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. லேபிளில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாமா என்பது ஒன்று. மறுத்த பிறகு எந்தக் காகிதத்தோடு யாரிடம் போவது என்பது இன்னொன்று.

நான் மருத்துவன் இல்லை. பெங்களூரில் ஒரு டிபிஏ-வில் ஒன்பது வருடம் கிளெய்ம் பார்த்தேன், அப்புறம் பதினோரு வருடமாக ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். உங்களுக்கு வந்த மாதிரி ஒத்தை வரிப் பதில்களை நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன், இப்போது அதே பதில்களை வாங்கி நோயாளிகளிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே 6 வாரம் சரியா, மருந்தையே மாற்ற வேண்டுமா என்பதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உங்கள் மருத்துவருடையது. காகிதம் எப்படி நகர்கிறது, எங்கே சிக்குகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் லேபிள் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு மருந்தைத் தயாரித்த நிறுவனம், இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சோதனை செய்து, முடிவுகளைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுக்கிறது. நம் நாட்டில் அந்த அமைப்பு டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அவர்கள் ஒப்புக்கொண்ட நோய், அளவு, இடைவெளி ஆகியவைதான் லேபிள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த நீளக் காகிதத்தில் இருப்பது அதுதான். நிறுவனம் எந்த நோய்க்கு விண்ணப்பம் போடவில்லையோ அது லேபிளில் இருக்காது. அந்த நோய்க்கு மருந்து வேலை செய்யாது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் வீட்டுக்காரரும் ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிட்டிருப்பார். சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் எழுதுகிற மருந்துகளில் அது ஒன்று. ஆனால் அமெரிக்க லேபிளில் அதற்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறது, தோல் சொரியாசிஸ் இருக்கிறது, சொரியாசிஸ் மூட்டுவாதம் கிடையாது. லெஃப்ளூனமைடு இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு லேபிள் உண்டு, அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு மட்டும்தான். ஒரே மாத்திரை, கடலைத் தாண்டினால் ஆஃப்-லேபிள். இந்த மாத்திரைகள் விலை குறைவு, அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஊசி மருந்து என்று வரும்போதுதான் லேபிள் ஞாபகத்துக்கு வருகிறது.

உங்கள் விஷயத்தில் மருந்தும் லேபிளில் இருக்கிறது, நோயும் இருக்கிறது. இடைவெளி ஒன்றுதான் இடிக்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், முதல் நாள், 2-வது வாரம், 6-வது வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை. ஆனால் அதே மருந்து, அதே 5 மில்லிகிராம், முதுகெலும்பை இறுக்குகிற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கு அமெரிக்க லேபிளில் 6 வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது பிடித்திருப்பது இடுப்பும் முதுகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது அவருடைய மருத்துவர் கேட்கும் இடைவெளி ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. பக்கத்து நோய்க்கு, அதுவும் இவருக்கு இப்போது பாதித்திருக்கும் அதே இடத்தைத் தாக்கும் நோய்க்கு, லேபிளிலேயே அச்சாகியிருக்கும் இடைவெளி. உங்கள் வழக்கின் முதுகெலும்பே இதுதான். இதை டிபிஏ-வுக்கு யாராவது எழுத்தில் சொன்னார்களா என்றால், பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த ஒத்தை வரிக்கு வருவோம். அதில் இரண்டு வார்த்தை ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் எதையெல்லாம் விலக்கலாம் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் ஒரே மாதிரி வாசகங்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் "ஆஃப்-லேபிள்" என்ற பெயரில் விலக்கு கிடையாது. இருப்பது 16-ஆம் எண், நிரூபிக்கப்படாத சிகிச்சைகள். அதற்கு அவர்களே விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்: பலன் தரும் என்பதற்குப் போதுமான மருத்துவ ஆவண ஆதாரம் இல்லாத சிகிச்சை. ஆக, அளவுகோல் லேபிள் அல்ல, ஆதாரம். லேபிளில் இல்லாவிட்டாலும் ஆதாரம் இருந்தால் 16-ஆம் எண் பொருந்தாது. இது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. உறுதியில்லாதது எது என்றால், "போதுமான" என்ற அந்த ஒரு சொல்லை எவ்வளவு இழுக்கலாம் என்பது. அங்கேதான் நிறுவனத்துக்கு நிறுவனம், மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். உங்கள் குரூப் பாலிசியில் இதற்கு மேல் தனியாக ஏதாவது நிபந்தனை சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் முழு பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், அது போதாது.

அதே பாலிசியில் இன்னொரு பக்கத்தையும் புரட்டுங்கள். நவீன சிகிச்சை முறைகள் என்று 12 சிகிச்சைகளை விலக்கக் கூடாது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று, ஊசி வழியாகக் கொடுக்கப்படும் மோனோகுளோனல் ஆண்டிபாடி (ஒரே இலக்கைத் தாக்க ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்பொருள்) சிகிச்சை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப், செகுகினுமாப் என்று "மாப்" போட்டு முடிகிற பெயரெல்லாம் அந்தக் குடும்பம். இதே நோய்க்குக் கொடுக்கும் எடானர்செப்ட் என்ற ஊசி "செப்ட்" என்று முடியும். அது வேறு வகைப் புரதம், அதனால் சில இடத்தில் இந்தப் பிரிவுக்குள் வராது என்று வாதாடுவார்கள். ஒரு எழுத்து வித்தியாசத்தில் கிளெய்ம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்த 12 சிகிச்சைக்கும் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். வருடத்துக்கு 8 வாரக் கணக்கில் ஆறு ஏழு தடவை ஏற்றுவது, 6 வாரக் கணக்கில் எட்டு ஒன்பது தடவை ஆகிவிடும். அந்த உச்சவரம்பு முதலில் எத்தனை தடவையைத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கி, நவம்பரில் வரம்பு தீர்ந்து நிற்பதும் நடக்கும்.

டிபிஏ மேஜையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால் உங்களுக்கு உதவும். ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கு முன்பே அனுமதி கேட்கும் விண்ணப்பம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாத சுற்றறிக்கையில் ஆணையம் விதித்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அதன் இன்னொரு பக்கம், அந்த மேஜையில் இருப்பவர் உங்கள் விண்ணப்பத்துக்குச் சில நிமிடம்தான் கொடுப்பார். அவர் திரையில் என்ன தெரியும்? நோய்க் குறியீடு, மருந்து, அளவு, மதிப்பிட்ட தொகை, இதே ஆளுக்குப் போன தடவை எப்போது கொடுத்தோம் என்ற தேதி. 56 நாளுக்கு ஒருமுறை வந்தவர் 42 நாளில் வந்தால் கண் அங்கேதான் போகும். அடுத்தது குறியீடு. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு எல் 40.5 என்று போட்டு, கூடவே எம் 07 வரிசையில் ஒன்று வர வேண்டும். அவசரத்தில் மருத்துவமனை ஆட்கள் எம் 06.9 என்று போட்டுவிடுவார்கள், அது முடக்குவாதம். அப்படியானால் விண்ணப்பம் ஒரு நோயைச் சொல்லும், மருத்துவர் சீட்டு இன்னொன்றைச் சொல்லும். கேள்வி கேட்க அது ஒன்றே போதும். மூன்றாவது எடை. 70 கிலோ ஆளுக்கு 350 மில்லிகிராம். மருந்து வருவது 100 மில்லிகிராம் குப்பியில். நான்கு குப்பி பில் ஆகும், 50 மில்லிகிராம் வீணாகும். எடையை எழுதாமல் நான்கு குப்பி கேட்டால், எதற்கு 400 என்று ஒரு க்வெரி வரும். சின்ன விஷயம்தான், ஆனால் ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கப்படும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு ஓட்டையும் பெரிதாகத் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மருத்துவர் தரும் கடிதம். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். "இந்த நோயாளிக்கு இந்த மருந்து அவசியம், தயவுசெய்து அனுமதிக்கவும்" என்று மூன்று வரியில் வருகிற கடிதங்களை நான் டிபிஏ-வில் இருந்தபோது படித்ததும் ஓரம் வைத்துவிடுவேன். அதில் மறுக்கவும் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வேலை செய்கிற கடிதத்தில் தேதிகள் இருக்கும். நோய் எப்போது உறுதியானது, எதை வைத்து உறுதியானது (காஸ்பார் அளவுகோல் என்று 2006-லிருந்து ஒன்று இருக்கிறது, மருத்துவருக்குத் தெரியும்). மெத்தோட்ரெக்ஸேட் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை மில்லிகிராம், ஏன் நிறுத்தினார்கள். அடுத்து என்ன மருந்து. இன்ஃப்ளிக்ஸிமாப் எப்போது ஆரம்பித்தது, ஆரம்பித்த பிறகு வீங்கிய மூட்டு எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி எவ்வளவிலிருந்து எவ்வளவு. பலன் எத்தனையாவது வாரத்தில் குறைகிறது, அப்போது எடுத்த பரிசோதனை என்ன சொல்கிறது. முதுகு பாதித்திருப்பதற்கு எம்ஆர்ஐ இருக்கிறதா, இருந்தால் அதன் தேதி. பிறகு, முதுகெலும்பு நோய்க்கான லேபிளில் இதே அளவு 6 வாரத்துக்கு ஒருமுறை என்று இருப்பதால் அதைப் பின்பற்றுகிறேன் என்ற ஒரு வாக்கியம். அந்த லேபிள் பக்கத்தை அச்செடுத்து, வரியைக் கோடிட்டு, பின்னால் குத்திக் கொடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பான யூலார் 2023-ல் புதுப்பித்த பரிந்துரைகளும், இந்த நோயை ஆராயும் சர்வதேசக் குழுவான கிராப்பாவின் 2021 பரிந்துரைகளும் இருக்கின்றன. முதுகு பாதித்தவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் சேர்ந்த டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) தடுப்பு மருந்து வகையை அவை ஆதரிக்கின்றன. அதற்குச் சான்றாக அவற்றைக் காட்டலாம். ஆனால் 6 வார இடைவெளிக்கு அவற்றைச் சான்றாகக் காட்டாதீர்கள், அது அவற்றின் வேலை இல்லை. மேல்முறையீட்டில் கடிதத்தைப் படிப்பவர் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர். ஒரு இடத்தில் மிகைப்படுத்தியதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

அந்த மருத்துவர் கேட்க வாய்ப்புள்ள ஒரு கேள்வியை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் நீண்ட நாள் ஏற்றினால் சிலருக்கு உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளும். அடுத்த டோஸுக்கு முன்னால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது, எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்க முடியும். மருந்து அளவு குறைவு, எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால் இடைவெளியைக் குறைப்பதற்கு அதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது. எதிர்ப்பொருள் அதிகம் என்று வந்தால் மருத்துவரே வேறு மருந்துக்கு மாற்ற யோசிக்கக்கூடும், அந்த மருந்து லேபிளுக்குள்ளேயே இருக்கலாம். எப்படி வந்தாலும் உங்களுக்கு ஒரு பாதை தெளிவாகும். இந்தப் பரிசோதனை தேவையா என்பது அவர் முடிவு.

இன்னொரு உள்விஷயம். "இனி எப்போதும் 6 வாரம்" என்று கேட்பதைவிட, "மூன்று டோஸ் 6 வார இடைவெளியில் கொடுத்து, பிறகு மறுபடி மதிப்பிட்டுத் தொடர்வதா இல்லையா என்று முடிவு செய்வேன்" என்று மருத்துவர் எழுதினால் அனுமதி கிடைப்பது எளிது. முடிவே தெரியாத செலவுக்குக் கையெழுத்துப் போட மேஜையில் இருப்பவருக்குக் கை வராது. மூன்று டோஸ் என்றால் வரும். நான் இருந்த பக்கத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

பெங்களூர் மருத்துவரிடம் இவ்வளவும் எழுதி வாங்குவது நடக்கிற காரியமா என்று நினைப்பீர்கள். ஓ.பி.யில் ஐம்பது பேர் காத்திருக்க, கதவைப் பாதி திறந்துகொண்டு "டாக்டர், ஒரு லெட்டர்" என்று கேட்டால் மூன்று வரிதான் கிடைக்கும். அதனால் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் மருந்து, ஆரம்பித்த மாதம், நிறுத்திய மாதம், என்ன தொந்தரவு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். அவர் அதைப் பார்த்து டிக்டேட் செய்துவிடுவார். பழைய சீட்டெல்லாம் தொலைந்துவிட்டது என்றால், மாத்திரை வாங்கிய மெடிக்கலில் கேளுங்கள். கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் பில் போடுகிற கடைகள் போன் நம்பரை வைத்தே பழைய பில்லை எடுத்துக் கொடுக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் ஆறு மாதம் வாங்கிய ஆறு பில், "மருந்து கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை" என்ற ஒரு வரியைவிடக் கனமானது. நடுவில் நாட்டு வைத்தியம் பார்த்த மாதங்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் பக்கம் காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸுக்கு) எண்ணெய் தடவாதவர் யார்? காரணம் சொல்லாத இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

காலக்கணக்கு பற்றிப் பேசும்போது என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சொந்தமாக எடுத்த பாலிசி, நாலு வருடம் ஆகியிருந்தது. சொரியாசிஸ் எத்தனை நாளாக என்று டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, "அது கிடக்குதுங்க பத்து வருசமா" என்றார். நம் ஊரில் பத்து வருசம் என்றால் ரொம்ப நாள் என்று அர்த்தம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "10 வருடமாக" என்று ஏறிவிட்டது. நான் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்தது, மறைத்துவிட்டார் என்று மறுப்பு வந்தது. அவருடைய முதல் தோல் மருத்துவச் சீட்டு மூன்று வருடத்துக்கு முந்தையது என்று கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு என்பதால் உங்களுக்கு இந்தக் கண்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேலை போனால் குரூப் பாலிசியும் போய்விடும் என்று பயந்து தனியாக ஒன்று எடுப்பதாக இருந்தால், தோலில் இருப்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 3 வருடம். 5 வருடம் விடாமல் கட்டி முடித்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்துவிட்டாய் என்று சொல்லி மறுக்க முடியாது.

குரூப் பாலிசியில் உங்களுக்கு இன்னொரு கதவு உண்டு, பலர் அதைத் தட்டுவதே இல்லை. கம்பெனிதான் பாலிசிதாரர். டிபிஏ உங்கள் போனை எடுக்காமல் இருக்கலாம், வருடா வருடம் பாலிசியைப் புதுப்பிக்கிற எச்.ஆர். கூப்பிட்டால் எடுப்பார்கள். கம்பெனிக்கென்று ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜரோ புரோக்கரோ இருப்பார், கடிதத்தை அவர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் கார்ப்பரேட் பஃபர் என்று ஒரு பொதுத் தொகை வைத்திருக்கும். தனி நபர் வரம்பு தீர்ந்தால், கம்பெனி ஒப்புக்கொண்டால், அதிலிருந்து எடுப்பார்கள். இருக்கிறதா என்று கேட்டால்தான் தெரியும், அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேஷ்லெஸ் மறுத்தால், அது கிளெய்மையே மறுத்ததாக ஆகாது. பணம் கட்டி ஏற்றிக்கொண்டு, அதைத் திரும்பக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போடலாம். பாலிசியில் சொன்ன நாளுக்குள் போட வேண்டும், அசல் பில்லும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் பத்திரம். ஏற்றுவதற்கு முன் எடுக்கச் சொல்லும் காசநோய், ஹெபடைட்டிஸ் பரிசோதனைகளையும் அட்மிஷனுக்கு முந்தைய செலவுப் பிரிவில் சேர்க்க முடிகிறதா பாருங்கள். அதையும் மறுத்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிரிவைக் குறிப்பிட்டுத்தான் மறுக்க வேண்டும், நிறுவனத்துக்குள் இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் மறுக்கவும் கூடாது என்பது அதே 2024 சுற்றறிக்கையில் உள்ளது. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல், கூடவே ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் ஒரு புகார் (155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்). ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாலிசி பெங்களூர்க் கிளையில் எடுத்ததாக இருந்தாலும் உங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதால் சென்னையிலேயே கொடுக்கலாம். அது தவிர மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே காலம் இழுக்கும் என்பதால் நான் முதலில் சொல்வது குறைதீர்ப்பாளரைத்தான்.

இதே கேள்வியோடு வேறு சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசி, டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரை இவற்றில் சண்டை ஆஃப்-லேபிளில் இருக்காது. ஓ.பி. செலவு என்றுதான் மறுப்பார்கள், பாலிசியில் ஓ.பி. காப்பு இல்லாவிட்டால் அந்த மறுப்பு பெரும்பாலும் நிற்கும். "ஒரு நாள் படுக்க வைத்துவிடுங்கள், கிளெய்ம் வந்துவிடும்" என்று எங்கள் டெஸ்க்குக்கு வாரம் ஒருவராவது வருகிறார். செய்யாதீர்கள். தேவையில்லாத அட்மிஷன் என்று மறுப்பதோடு, அடுத்த உண்மையான கிளெய்மும் சந்தேகத்தில் மாட்டும். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் பாதை வேறு, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கிப் போக வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அது பேக்கேஜ் முறை, உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 1800 425 3993 என்ற எண்ணில் கேட்டுவிட்டே அலையுங்கள்.

கிடைக்குமா என்று நேராகக் கேட்டால், உறுதி கொடுக்க எவனாலும் முடியாது. என் அனுபவத்தில், இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி இரண்டு உயிரியல் மருந்தை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டது, அந்த நோய்க்குச் சோதனையே நடக்காத மருந்தைக் கேட்டது ஒன்றுகூட அனுமதி ஆனதில்லை. லேபிளில் இருக்கும் மருந்து, லேபிளில் இருக்கும் நோய், இடைவெளியில் மட்டும் வித்தியாசம் என்று நல்ல கடிதத்தோடு போனவை மேல்முறையீட்டில் அனுமதி ஆகியிருக்கின்றன. எல்லாம் இல்லை, ஆனால் போய்ப் பார்க்கிற அளவுக்கு. அதுவரைக்கும் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இந்தச் சண்டை முடியட்டும் என்று மருந்தையே நிறுத்தி வைக்காதீர்கள். நீண்ட இடைவெளி விட்டு மறுபடி இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றும்போது ஒவ்வாமை வரும் ஆபத்து கூடும். 8 வார டோஸுக்கு ஏற்கெனவே கேஷ்லெஸ் வந்துகொண்டிருந்தது, அதை இடையில் வாங்கிக்கொண்டே 6 வாரத்துக்கு மேல்முறையீடு நடத்தலாமா என்று இந்த வாரமே மருத்துவரிடம் போனில் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் பெயரையும் பாலிசி எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.